அளவு முந்தி, வேட்டை பிந்தி

கிடைக்காத நாளில் எல்லோரும் நல்லவர்கள்தான். மனிதன் நிலை தவறுவது கைக்கெட்டும் தூரத்தில் ஒன்று வந்து நிற்கும்போது. பணமானாலும் பதவியானாலும் காட்டில் நிற்கும் மானானாலும் அதுதான் கதை. கண்ணால் கண்ட பிறகு மனம் கணக்குக் கேட்காது. ஆகையால் கணக்கை முன்பே முடித்துவிட வேண்டும். இந்தப் பாடத்தை எனக்குக் கற்றுத் தந்தவர் பள்ளிக்கூடம் போகாத ஒரு வேட்டைக்காரர், என் மூத்தாப்பா.

பெரியநீலாவணைக்காரனுக்கும் வேட்டைக்கும் என்ன தொடர்பு என்று இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள். கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவே நெருக்கமாக வீடுகள்; இதுதான் அவர்களுக்குத் தெரிந்த ஊர். ஆனால் 1949இல் பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துக் கல்லோயாத் திட்டம் தொடங்கும் வரை வயல் முடிகிற இடத்தில் காடு தொடங்கியது. சம்மாந்துறை வட்டைகளுக்கு அப்பால், இறக்காமம், தீகவாபி, அம்பாறைக் குளம் என்று போகப் போகப் பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்து நிற்கும். கரையூர்ப் போடிமாரும் வயற்காரரும் விதைப்புக்கும் அறுப்புக்கும் மாட்டுவண்டி கட்டிப் போய் வாடியில் மாதக்கணக்கில் தங்குவார்கள். பன்றியும் யானையும் வயலுக்கு வரும். மானும் மரையும் குளத்துக்கு வரும். பரணில் காவல் இருந்தவர்களே வேட்டைக்கும் போனார்கள்.

மூத்தாப்பா துவக்குத் தூக்கியது என் வாப்பா பிறப்பதற்கும் முந்திய காலம். நான் அவர் கைபிடித்துக் காட்டோரம் நடந்தபோது அவர் வேட்டையை விட்டு வெகு நாளாகியிருந்தது. அந்தக் கதைகளில் சுட்ட பகுதி சிறியது. சுடுவதற்கு முந்திய மாதங்களைப் பற்றித்தான் அவர் நீளமாகப் பேசுவார்.

எங்கள் கரையில் மாரி ஐப்பசியில் பிடித்துத் தை வரை நிற்கும். அது ஓய்ந்த பின் சித்திரையிலிருந்து வெயில் ஏறும். ஆனி, ஆடியில் குளங்கள் வற்றி, காட்டில் தண்ணீர் நிற்கும் இடங்கள் விரல்விட்டு எண்ணும்படி ஆகிவிடும். மழைக்காலத்தில் காடெங்கும் சிதறித் திரிந்த மான்கள் அந்தச் சில இடங்களை நாடி வரும். வேட்டைப் பருவம் அதுதான். அதற்குரிய வேலை மாரி முடிந்த கையோடு தொடங்கிவிடும்.

முதல் வேலை புல். நில்கலைப் பக்கத்துப் புல்வெளிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அடர்ந்த காடு அல்ல அது. கடுக்காய், தான்றி, நெல்லி மரங்கள் இடைவெளி விட்டு நிற்க, நடுவே மனிதனை மறைக்கும் உயரத்துக்கு மானாப்புல். முற்றிய மானாப்புல்லை மான் தொடாது. அதை எரித்தால் சாம்பலுக்கிடையில் சில நாளிலேயே இளந்தளிர் தலைகாட்டும். அந்தத் தளிருக்கு மான் வரும். வேடர்களும் மாட்டுப் பட்டிக்காரரும் இதைப் பரம்பரையாகச் செய்து வந்தார்கள். கடுக்காய், தான்றி, நெல்லி மூன்றும் நெருப்பைத் தாங்கும் மரங்கள். அடிக்கடி தீ ஓடுகிற அந்த மண்ணில் அவை நிலைத்து நிற்பதற்கு அதுவே காரணம்.

தீ வைப்பதற்கும் முறை இருந்தது. புல் முழுக்கக் காய்ந்து முறுகும் வரை காத்திருந்தால் தீ கட்டுக்கடங்காது. மரக்கன்றுகளையும் கூட்டிலிருக்கும் குஞ்சுகளையும் தின்றுவிடும். அடியில் இன்னும் கொஞ்சம் பச்சை இருக்கும்போது, காற்றுத் தணிந்த மாலையில், சுற்றிவரப் புல்லைச் செதுக்கிக் கோடு போட்டுவிட்டு, ஒரு துண்டை மட்டும் எரிக்க வேண்டும். பக்கத்துத் துண்டு அடுத்த ஆண்டுக்கு. எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் எரித்தால் மான் ஒளிய இடமிருக்காது. ஒளிய இடமில்லாத மண்ணில் மான் தங்காது.

இரண்டாவது வேலை தண்ணீர். மடுவுக்குள் விழுந்து கிடக்கும் இலையும் கிளையும் அழுகினால் தண்ணீர் கெட்டுவிடும். அவற்றை வாரி வெளியே போட்டு, ஊற்றுக் கண்ணைத் தோண்டிவிடுவார்கள். அதன்பின் மடுவின் ஓரத்துச் சேற்றைத் தென்னோலை மட்டையால் வழித்துச் சமமாக்கிவிட்டு வருவார்கள். மறுநாள் விடியப் போனால் அந்தச் சேற்றில் இரவு வந்தவர்களின் பெயர் எழுதியிருக்கும். பன்றியின் அகன்ற குளம்பு, மரையின் நீண்ட ஆழமான தடம், புள்ளிமானின் கூரிய சிறு தடம்.

ஒரு கோடையில் வற்றிக் கிடந்த குளமொன்றின் விளிம்பில் மூத்தாப்பா என்னைக் குந்தவைத்து ஒரு தடத்தைக் காட்டினார். புள்ளிமானின் தடம். அதன் பக்கத்திலேயே, என் சின்னவிரல் நுனியளவு இன்னொரு தடம். பெரிய தடம் நேராகத் தண்ணீருக்குப் போனது. சின்னது இங்குமங்கும் ஓடித் திரும்பி மறுபடி பெரியதோடு சேர்ந்தது. குட்டியோடு வந்த பிணை. அப்படித் தடம் கண்ட மடுவில் அந்தப் பருவம் முழுவதும் யாரும் பதுங்கியிருக்க மாட்டார்கள் என்றார். இரவின் அரை இருட்டில் பிணையையும் கலைமானையும் பிரித்தறிவது கடினம். ஆகையால் எந்த மடுவை விடுவது என்பதைப் பகல் வெளிச்சத்தில், துவக்குக் கையில் இல்லாத நேரத்தில் முடிவு செய்தார்கள். மடுவைச் சுத்தம் செய்ததன் பெரும்பயன் இதுதான் என்று இப்போது எனக்குப் படுகிறது. தண்ணீரைத் தெளியவைக்கப் போனவர்கள் அங்கே யார் வாழ்கிறார்கள் என்பதையும் அறிந்துகொண்டு வந்தார்கள்.

மூன்றாவது வேலை பாதை. இது எங்கள் மார்க்கத்தோடு சம்பந்தப்பட்டது. குண்டு பட்டு விழுந்த மானில் உயிர் இருக்கும்போதே ஓடிப்போய், பிஸ்மில்லாஹ் சொல்லிக் கழுத்தை அறுக்க வேண்டும். உயிர் போய்விட்டால் அந்த இறைச்சியை எங்கள் பெரியவர்கள் தொடமாட்டார்கள். ஆகவே தூரத்தில் நிற்கும் மானை நோக்கிச் சுடுவதில் அவர்களுக்கு எந்தப் பிரயோசனமும் இல்லை. காயத்தோடு ஓடி எங்கேயோ கிடந்து சாகும் மான் யாருக்கும் உதவாது. அல்லாஹ்விடம் அதற்குப் பதிலும் சொல்ல வேண்டும். ஆகையால் பதுங்குமிடத்தை மடுவுக்கு மிக நெருக்கமாக அமைப்பார்கள். அங்கிருந்து மடு வரை சருகைக் கூட்டி, முள்ளை வெட்டி, இருட்டிலும் கால் இடறாதபடி பாதை எடுப்பார்கள். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பிடி சாம்பலை விட்டுப் பார்ப்பார்கள். அறுக்கும் கத்தியை வீட்டிலேயே தீட்டிக்கொண்டு போவார்கள். பிராணியை அறுக்கும்போதும் நல்ல முறையில் அறுக்க வேண்டும், கத்தியைக் கூர்மையாக்கி அதன் வேதனையைக் குறைக்க வேண்டும் என்பது நபிகளார் கற்பித்தது. உயிர் இருக்கும்போதே அறுக்க வேண்டும் என்ற அந்த ஒரு சட்டம் வேட்டைக்காரனுடைய மாதக்கணக்கான வேலையையே ஒழுங்குபடுத்தியது.

கூட்டாளிகளில் பாண்டிருப்புத் தமிழரும் இருந்தார்கள். அறுக்கும் வேலையை எங்களவரிடம் விட்டுவிடுவார்கள், இறைச்சி இரண்டு பக்கத்து அடுப்பிலும் ஏற வேண்டும் என்பதற்காக. அந்தப் பெருந்தன்மையை இங்கே சொல்லிவைப்பது என் கடமை.

நான்காவது வேலை வீட்டில் நடந்தது. அதுதான் எல்லாவற்றிலும் பெரிய வேலை என்பார் மூத்தாப்பா. புறப்படுமுன் எல்லோரும் ஒரு திண்ணையில் கூடுவார்கள். எத்தனை வீட்டுக்கு இறைச்சி தேவை, எந்த வீட்டில் பிள்ளைப்பேறு, எங்கே கல்யாணம், எந்த விதவைக்குப் பங்கு போக வேண்டும், வத்தல் போட உப்பு எவ்வளவு இருக்கிறது, வண்டியில் எவ்வளவு ஏறும் என்று பேசி ஒரு எண்ணை முடிவு செய்வார்கள். அந்த எண்ணுக்கு மேல் பத்து மான் வரிசையாக வந்து நின்றாலும் துவக்குத் தூக்கக் கூடாது. அவர் எனக்குச் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: “மானைக் கண்டாப் பொறகு கணக்குப் பேசப்படா மனே. கணக்கெல்லாம் ஊட்டுலயே பேசிட்டு வரணும்.”

இந்த ஒழுங்கை எங்கள் ஆட்கள் கண்டுபிடிக்கவில்லை. காட்டின் சொந்தக்காரரான வேடரிடம் அது முன்பே இருந்தது. மானிடவியல் அறிஞர் செலிக்மனும் அவருடைய மனைவி பிரெண்டாவும் 1907, 1908 காலத்தில் இந்தப் பக்கத்து வேடர்களோடு பழகி, 1911இல் பெரிய நூலொன்றை வெளியிட்டார்கள். ஒவ்வொரு வேடக் குடும்பத்துக்கும் வேட்டைக்கும் தேனெடுக்கவும் எல்லை வகுத்த நிலம் இருந்ததையும், அந்த எல்லையை மற்றவர்கள் மதித்ததையும் அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எல்லை மரங்களில் வில் வளைத்து நிற்கும் மனிதனின் உருவத்தைச் செதுக்கி வைப்பார்களாம். நல்ல வேட்டை வேண்டித் தேங்காய்ப்பால் வைத்து ஆடும் சடங்கும் அவர்களுக்கு உண்டு. கிடைத்த பிறகு நன்றி சொல்லியும் ஆடுவார்கள். வேட்டைக்கு முன் எல்லை, வேட்டைக்கு முன் வேண்டுதல், வேட்டைக்குப் பின் பங்கு. வேதம் ஏதும் படிக்காதவர்கள் என்று நாம் நினைத்தவர்கள் வகுத்த சட்டம் இது. மான்கொம்பும் தேனும் வத்தலும் வாங்கப் பொதி சுமக்கும் தவள மாடுகளோடு போன எங்கள் முன்னோர் அவர்களிடமிருந்து சரக்கை மட்டும் வாங்கி வரவில்லை.

குர்ஆனிலும் வேட்டை வருகிறது. இஹ்ராம் கட்டிய ஹாஜி தரைப் பிராணிகளை வேட்டையாடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த சட்டம். அது வருகிற அல்மாஇதா அத்தியாயத்தில் இன்னொரு கருத்தும் அதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. கையும் ஈட்டியும் எட்டும் தூரத்தில் வேட்டைப் பிராணி வந்து நிற்பதைக் கொண்டு அல்லாஹ் அடியார்களைச் சோதிப்பதாக அங்கே சொல்லப்படுகிறது. எட்டாத பிராணியைக் கொண்டு சோதிப்பதாக வரவில்லை. மூத்தாப்பா திண்ணையில் பேசியதும் இதே சோதனையைப் பற்றித்தான். மதீனாவைச் சுற்றி நபிகளார் எல்லை குறித்து, அதற்குள் வேட்டையாடவும் மரம் வெட்டவும் தடை செய்தார்கள். காடு காப்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த நாகரிகம் என்று நினைப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

வெள்ளைக்காரன் முதலில் கொண்டுவந்தது அளவில்லாத வேட்டையைத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஊவாப் பக்கத்தில் அதிகாரியாக இருந்த மேஜர் ரோஜர்ஸ் 1,300க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. சாமுவேல் பேக்கர் நம் நாட்டு வேட்டையைப் பற்றியே 1850களில் ஒரு நூல் எழுதினார். அவர்களுக்கு இறைச்சி தேவையில்லை; விதவைக்குப் பங்கு வைக்கும் திண்ணையும் இல்லை. எத்தனை விழுத்தினேன் என்ற எண்ணிக்கை மட்டும் இருந்தது. வியாபாரம் பெருகப் பெருகக் கொம்புக்கும் தோலுக்கும் விலை வந்து, நம்மவர்களும் அந்த எண்ணிக்கையில் சேர்ந்துகொண்டார்கள். வேட்டைப் பிராணிகளைக் கண்மூடித்தனமாக அழிப்பதைத் தடுக்க 1872இலேயே சட்டம் போட வேண்டி வந்தது. 1894இல் வேட்டைப் பிராணிப் பாதுகாப்புச் சங்கம் உருவானது. அதை உருவாக்கியவர்கள் வேட்டைக்காரர்களே. சுடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது என்ற நிலை வந்த பின்தான் அவர்களுக்கு அளவு நினைவுக்கு வந்தது. 1937இல் வந்த தாவர விலங்கினப் பாதுகாப்புச் சட்டம் பல திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. இன்று புள்ளிமானையோ மரையையோ கொல்வது குற்றம். கல்லோயாத் தேசியப் பூங்கா 1954இல் பிரகடனமானது. மூத்தாப்பா காலத்து வேட்டை முடிந்த கதை. அது முடிந்தது சரிதான். அந்த வேட்டை திரும்ப வர வேண்டும் என்று நான் எழுதவில்லை. அதற்கு முன்னால் நடந்த வேலை திரும்ப வர வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஏனென்றால் இப்போது காட்டில் நடப்பது அந்த வேலைக்கு நேர்மாறு. கம்பிச் சுருக்குக் கட்டிவிட்டு வீட்டில் போய்ப் படுத்துவிடுகிறான் ஒருவன். அதில் கழுத்துக் கொடுப்பது பன்றியா, குட்டியோடு வந்த பிணையா, சிறுத்தையா என்று சுருக்குக்குத் தெரியாது. 2020இல் மலையகத்தில் நல்லதண்ணிப் பக்கம் அபூர்வமான கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்கில் மாட்டி, காப்பாற்ற எடுத்த முயற்சி பலிக்காமல் இறந்தது. தானே வெடிக்கும்படி கட்டி வைக்கும் கட்டுத்துவக்கு மனிதரையும் கொன்றிருக்கிறது. தீனிக்குள் வைக்கும் வெடி யானைக்கன்றின் வாயைக் கிழித்து, அது பல நாள் பட்டினி கிடந்து சாகிறது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு: வைத்தவன் அங்கே இல்லை. தடம் பார்க்கவில்லை, காற்றுப் பார்க்கவில்லை, கத்தி தீட்டவில்லை, கணக்குப் பேசவில்லை.

சுருக்குக் கட்டாதவர்களும் தப்பிவிட முடியாது. நம் அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டில், கரையோர ஊர்களின் குப்பையைக் கொட்டும் மேட்டில் யானைகள் பொலித்தீன் தின்று இறப்பதை 2022இல் உலகமே செய்தியாகப் பார்த்தது. அதற்கு முந்திய எட்டு ஆண்டுகளில் அங்கே இருபதளவில் யானைகள் இறந்ததாக அந்தச் செய்தி சொன்னது. சோற்று மணம் ஒட்டிய பொலித்தீன் பைகளை யானை தீனியென்று நம்பித் தின்கிறது. என் மூத்தாப்பாவின் தலைமுறை மடுவில் விழுந்த இலையை வாரி வெளியே போட்டது. நம் தலைமுறை காட்டு வாசலில் பொலித்தீனைக் கொட்டுகிறது. துவக்கைத் தொடாத கைகள்தான்; ஆனாலும் கொல்கின்றன.

பழைய வேட்டைக்காரரின் ஆயத்தங்களில் பல இன்று காட்டைக் காப்பதற்கு உதவுபவை. கோடைக்கு முன் தூர்ந்த காட்டுக் குளங்களைத் தோண்டி வைத்தால் தண்ணீர் தேடி யானை வயலுக்கு வருவது குறையும். தீக்கோடு வெட்டி வைத்தால் பொறுப்பில்லாதவன் வைத்த நெருப்பு காட்டுக்குள் ஓடாது. புல்வெளியை மூடிப் பரவும் அந்நியச் செடிகளைப் பிடுங்கினால் மானுக்குப் புல் மிஞ்சும். இவை வனசீவராசிகள் திணைக்களம் செய்ய வேண்டிய வேலைகள், நாம் அனுமதியோடு தோள் கொடுக்க வேண்டிய வேலைகள். ஆனால் சமைத்த சோற்றின் மிச்சத்தைப் பொலித்தீனில் கட்டி எறியாமலிருப்பதற்கும், களவாக வந்த மான் இறைச்சியை “கொஞ்சம்தானே” என்று வாங்காமலிருப்பதற்கும் எந்த அனுமதியும் வேண்டாம். வாங்குகிறவன் இல்லையென்றால் சுருக்குக் கட்டுகிறவனும் குறைவான்.

காட்டுக்குப் போகாத பிள்ளைகளுக்கும் இந்தப் பாடம் உண்டு. வெளிநாட்டுக்குப் போகிற தம்பி, எவ்வளவு சேர்த்தால் ஊர் திரும்புவேன் என்பதை விமானம் ஏறுமுன் வீட்டாரோடு பேசி முடிவு செய்யட்டும். சம்பளத்தைக் கண்ணால் கண்ட பிறகு அந்த எண் வளர்ந்துகொண்டே போகும், பிள்ளைகளும் வளர்ந்துவிடுவார்கள். கல்யாணத்துக்குக் கடன் வாங்குகிறவர்கள் செலவின் எல்லையைப் பந்தல்காரனிடம் போகுமுன் எழுதிக்கொள்ளட்டும். பந்தல் கடையில் நின்று யாராலும் எல்லை போட முடியாது. பதவிக்கு வருகிறவர், எதைத் தொடமாட்டேன் என்பதைத் தன் உம்மாவின் முன்னால் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்காரட்டும். கடலுக்குப் போகிற மச்சான்மார், சினை மீன் காலத்தில் எந்த வலையை இறக்கமாட்டோம் என்பதைக் கரையில் நின்று பேசட்டும். மீன் வலையில் துள்ளும்போது பேசினால் பேச்சு எடுபடாது.

இந்த முறை இரண்டு பகுதிகள் கொண்டது; ஒன்றை விட்டு ஒன்றை எடுக்க முடியாது. எடுக்கப் போகிற இடத்தை முதலில் பராமரிக்க வேண்டும். பராமரிக்கும்போதே எவ்வளவு எடுப்பது என்பதையும் முடிவு செய்ய வேண்டும். மடுவைத் தோண்டாதவனுக்குப் பிணையின் தடம் தெரியாது. தடம் தெரியாதவனால் அளவு போட முடியாது. வயல், கடல், கடை, வீடு எல்லாவற்றிலும், உழைத்துக் கவனித்த இடத்தில்தான் மனிதனுக்கு ‘போதும்’ என்று சொல்லத் தெரியும். வெறுங்கையோடு வந்து அள்ளிக்கொண்டு போகிறவனுக்கு அந்தச் சொல் வாயில் வராது.

ஆகவே பிள்ளைகளே, வருகிற மாரிக்கு முன் உங்கள் வட்டை வாய்க்காலைப் பக்கத்து வயற்காரரோடு சேர்ந்து வெட்டுங்கள். உங்கள் வீட்டுக் குப்பையைத் தரம் பிரித்துக் கொடுங்கள். இந்த ஆண்டு எதை அடைய நினைக்கிறீர்களோ அதற்கு ஒரு எல்லை போட்டு, வீட்டில் ஒருவரைச் சாட்சி வைத்துச் சொல்லுங்கள். பிறகு புறப்படுங்கள்.